ஜோடி சொல்ல வேண்டும்

வேனில் ஏறுவதற்கு முன்பே சந்திரலேகா டீச்சர் எட்டாம் வகுப்பை உயர வரிசையில் நிறுத்தி ஜோடி பிரித்துவிட்டார். அடுத்தடுத்து நின்ற இரண்டு பேர் ஒரு ஜோடி. யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று அவர் கேட்கவில்லை. அப்படித்தான் சினேகாவுக்கு மீனாள் வந்து சேர்ந்தாள்.

சினேகாவுக்கு அதில் சந்தோஷம் இல்லை. மீனாள் போன வருஷம்தான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தவள். நாச்சியாபுரத்தில் அவள் அம்மா பிறந்த வீட்டில் அம்மாவும் அவளும் இருந்தார்கள். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் "வெளியூர்ல" என்பாள். எந்த வெளியூர் என்று கேட்டால் பென்சில் சீவப் போய்விடுவாள்.

டீச்சர் எல்லோருடைய இடது உள்ளங்கையிலும் தன் போன் நம்பரைப் பேனாவால் எழுதினார். எழுதிக்கொண்டே விதியைச் சொன்னார்.

"உள்ளேன் டீச்சர்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. பரோட்டாக் கடையில நிக்கிறவனுக்கும் சேர்த்து உள்ளேன் சொல்ற ஆளுங்க நீங்க. நான் பேரைக் கூப்பிட்டா அந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது. அவங்க ஜோடிதான் சொல்லணும். கையைப் பிடிச்சிக்கிட்டுச் சொல்லணும்."

"டீச்சர், ஜோடி செத்துப் போயிட்டா?" என்றான் ஆதித்தன்.

"அதையும் நீதான் வந்து சொல்லணும்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. ஒத்திகைக்காக "சினேகா" என்று கூப்பிட்டார். சினேகா வாயை மூடிக்கொண்டாள். மீனாள் அவள் கையைப் பிடித்து, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில், "சினேகா இருக்கா" என்றாள்.

"யாருக்குச் சொல்ற, எறும்புக்கா? சத்தமா."

"சினேகா இருக்கா."

முதலில் கோவிலூர். கோவிலைப் பார்த்தார்கள். குளத்துக்கு வெளியே நின்று குளத்தைப் பார்த்தார்கள். படியில் ஒருவரும் இறங்கக் கூடாது என்று டீச்சர் முதல் படியில் குறுக்கே நின்றுகொண்டார்.

"கால் மட்டும் நனைச்சிக்கிறோம் டீச்சர், ஜோடியா" என்றான் ஆதித்தன்.

"ஜோடியா முங்கிப் போறதுக்கா? பாசி ஆளைப் பார்த்து வழுக்காது. வா இங்க."

மரத்தடியில் கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு மறுபடி வேனில் ஏறினார்கள். அடுத்தது வலையபட்டியில் ஒரு பெரிய வீடு என்று டீச்சர் சொன்னார். மீனாள் அதுவரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவள், இந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு சொன்னா யாருட்டயும் சொல்ல மாட்டியே?"

"என்னன்னு சொல்லு. அப்புறம் பாப்போம்."

"இப்பப் போற வீடு எங்க வீடு."

"அப்ப நாங்கள்லாம் உனக்கு டிக்கெட் வாங்கணுமா?"

"நெசமாத்தான். எங்கப்பச்சி வீடு. இப்ப அவுக அங்கதான் இருக்காக."

அப்பாவைத்தான் அவர்கள் வீடுகளில் அப்பச்சி என்பார்கள். இது சினேகாவுக்குத் தெரியும். மற்றதை மீனாள் சொன்னாள். அந்த வீடு ஒருவருக்கு மட்டும் உரியதில்லை. பங்காளிகள் பல பேர். வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு பங்காளிக்கும் ஓர் அறை, அந்த அறைக்கு ஒரு பூட்டு. எல்லோரும் வெளியூர்களில் இருப்பதால் வீட்டைப் பார்த்துக்கொள்ள வருஷத்துக்கு ஒரு பங்காளி முறை எடுத்துக்கொள்வார். இந்த வருஷம் மீனாளின் அப்பா முத்துராமனுடைய முறை. அவர் சித்திரையில் வந்து தன் அறையைத் திறந்து தங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்திருந்த அத்தை யாரிடமோ போனில் சொன்னதைக் கேட்டு மீனாள் தெரிந்துகொண்டது இது.

"ஒரே ஜில்லாலதான இருக்காக. வந்து பாக்க வேண்டியதுதான?" என்றாள் சினேகா.

"அம்மாவுக்கும் அவுகளுக்கும் கேஸ் நடக்குது. முடியற வரைக்கும் நான் அவுகளப் பாக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாக. இந்த வீட்டுக்குப் போறோம்னு அம்மாவுக்குத் தெரியாது. பழைய வீடு ஒண்ணுன்னுதான் சொன்னேன்."

சினேகா அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "பாத்து எம்புட்டு நாளாச்சு?" என்றாள்.

"போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி."

வேன் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. பின் சீட்டில் யாரோ பாட ஆரம்பித்து, வரி மறந்து நிறுத்தினார்கள்.

"நான் போய்ப் பாத்துட்டு ஓடி வந்துருவேன். டீச்சர் என் பேரைக் கூப்பிட்டா, இருக்கான்னு சொல்லிரு" என்றாள் மீனாள்.

"கையப் பிடிச்சிட்டுச் சொல்லணும்னு சொன்னாகல்ல."

"கூட்டத்துல யாரு பாக்கப் போறா?"

"மாட்டேன். நீ எங்கிட்டாச்சும் காணாமப் போயிட்டா எங்கைய வெட்டிப் போட்டுருவாக."

"அது எங்க வீடுடி. எங்க வீட்டுல எப்படிக் காணாமப் போவேன்?"

சினேகா மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் மீனாள், "அப்ப நீயும் வா" என்றாள். சினேகாவுக்கு இது பரவாயில்லை என்று தோன்றியது. ஜோடி பிரிந்தால்தானே தப்பு.

வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிந்தது. முன் வாசலில் டிரைவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு டீச்சர், "பின்வாசல்?" என்று கேட்டார். வீட்டைக் கவனித்துக்கொள்ளும் தங்கச்சாமி, "அது எப்பவும் பூட்டித்தாம்மா கெடக்கும்" என்றார். அவர் அப்படிச் சொன்னதில் பொய் இல்லை. எல்லா வருஷமும் அது பூட்டித்தான் கிடந்தது. இந்த வருஷம் முறைக்கு வந்தவர் தன் காரைப் பின்தெருவில் நிறுத்துவதால் பகலில் திறந்து வைத்திருந்தார். தங்கச்சாமிக்கு அது தெரியும். கேட்ட நேரத்தில் நினைவு வரவில்லை.

வளவுக்குள் நுழைந்ததும் வகுப்பு தானாக மெதுவாகப் பேசியது. நடுவில் வானம். நான்கு பக்கமும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் அறைகள், அறைகளில் பூட்டுகள். தங்கச்சாமி மேலே பார்க்கச் சொன்னார், எல்லோரும் மேலே பார்த்தார்கள். கீழே பார்க்கச் சொன்னார், கீழே பார்த்தார்கள். மீனாள் மட்டும் பூட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இடது பக்கத்துக் கடைசிக் கதவில் பூட்டு இல்லை.

அவள் பிடித்திருந்த கையில் வேர்வை அதிகமானது சினேகாவுக்குத் தெரிந்தது.

வகுப்பு தங்கச்சாமிக்குப் பின்னால் மாடிப்படிப் பக்கம் நகர்ந்தது. இவர்கள் இருவரும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, பிறகு அந்தக் கதவுக்குப் போனார்கள். மீனாள் தட்டவில்லை. விரலால் தள்ளினாள். உள்ளே ஒரு கட்டில், கொடியில் துண்டு, மேஜையில் லேப்டாப். ஆள் இல்லை.

"இல்ல போல. வா போவோம்" என்றாள் சினேகா.

மீனாள் அவளை இழுத்துக்கொண்டு அடுத்த கட்டுக்குப் போனாள். அங்கே அடுப்படி. அதையும் தாண்டினால் பின்வாசல். அது திறந்திருந்தது. வெளியே கார் நின்றது. ஒருவர் படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. யூனிபார்மில் இரண்டு பிள்ளைகள் என்றுதான் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"ஏத்தா... மீனா."

அவர் இரண்டு எட்டு வைத்து அருகே வந்து அவள் தலையில் கையை வைத்தார். என்ன பேசுவது என்று யோசித்தவர் போல, "வளந்துட்டியே" என்றார். பிறகு, "அம்மா வந்துருக்காகளா?" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இல்ல. ஸ்கூல்ல கூட்டியாந்தாக."

"அப்பச்சி கடைக்குத்தான் கெளம்புனேன். நல்லவேளை. வா, கார்ல ஏறு. காரைக்குடிக்குப் போயிட்டு வந்துருவோம். உன் பொறந்தநாளைக்கு நான் ஒண்ணும் வாங்கித் தரலையே. ஒரு நல்ல சுடிதாரா எடுத்துத் தாரேன்."

"வேன் போயிரும்" என்றாள் சினேகா.

அப்போதுதான் அவர் சினேகாவைக் கவனித்தார். "அதுக்குள்ள வந்துரலாம்த்தா. நீ போயி டீச்சர்ட்ட சொல்லிரு, அப்பச்சி கூடப் போயிருக்கான்னு. என்ன?"

காரைக்குடிக்குப் போய், துணி எடுத்து, திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்று சினேகாவுக்குத் தெரியும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் அவள் வீட்டில் விளக்கு வைத்த பிறகுதான் திரும்பி வருவார்கள். அவர் பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவில்லை. அவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றியது.

"நீங்க டீச்சர்ட்ட சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"நான் அவளுக்கு அப்பச்சிம்மா."

"தெரியும். சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க."

மீனாள் கையை உருவினாள். சினேகா விடவில்லை. மீனாள் இன்னொரு கையால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். "விடுடி. உனக்கென்ன? உங்கப்பாவ நீ தெனமும் பாக்குற."

அது உண்மைதான். சினேகாவின் அப்பா தினமும் சாயங்காலம் வயலிலிருந்து வந்து, கால் கழுவாமல் உள்ளே வந்ததற்காக அம்மாவிடம் ஏச்சு வாங்குவார். சினேகா அதை நினைத்தாள். கையை விடவில்லை.

மூன்று பேரும் அப்படி நின்றபோது வளவிலிருந்து டீச்சரின் குரல் கேட்டது. மாடியிலிருந்து இறங்கிவிட்டார்கள். ஒவ்வொரு பேராக வந்தது. ஒவ்வொரு பேருக்கும் ஒரு பதில் வந்தது. "ஆதித்தன்." "இருக்கான் டீச்சர், கடிக்கிறான்." சிரிப்பு. வீடு முழுக்க வெறும் தரையும் தூணுமாக இருந்ததால் எல்லாம் பின்வாசல் வரை தெளிவாகக் கேட்டது.

"மீனாள்."

மீனாள் சினேகாவின் முகத்தைப் பார்த்தாள். "சொல்லு" என்றாள் ரகசியக் குரலில். "இருக்கேன்ல? கையப் பிடிச்சிட்டுத்தான இருக்க? இருக்கான்னு சொல்லு."

அவள் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. மீனாள் இருந்தாள். கை கையில் இருந்தது. இங்கிருந்து கத்தினால் டீச்சருக்குக் கேட்கும். டீச்சர் அடுத்த பேருக்குப் போவார். அதற்குப் பிறகு இந்தக் கையை எவ்வளவு நேரம் பிடித்திருக்க முடியும் என்று சினேகாவுக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே விரல் வலித்தது.

"மீனாள்" என்று மறுபடி கேட்டது. வளவில் சத்தம் குறைந்தது.

சினேகா வாயைத் திறக்கவில்லை.

"மீனாள் ஜோடி யாரு? சினேகா!"

பிறகு ஓடிவரும் சத்தம் கேட்டது.

சந்திரலேகா டீச்சர் வந்து நின்றபோது மூச்சு வாங்கியது. திறந்த கதவையும் காரையும் அந்த மனிதரையும் பார்த்தார். முதலில் மீனாளின் இன்னொரு கையைத் தான் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான், "நீங்க யாரு?" என்றார். பின்னால் வந்த தங்கச்சாமி, "நம்ம முறைக்காரருதாம்மா" என்றார். பிறகு திறந்திருந்த கதவைப் பார்த்துவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

"நான் அவ அப்பா. முத்துராமன்."

டீச்சருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. பள்ளியில் சேர்க்கும்போது மீனாளின் அம்மா சொன்னதும் நினைவிருந்தது. குரலை இறக்கினார்.

"உங்க பிள்ளையை நீங்க பாக்குறதுல எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஆனா இன்னைக்கு நான் கூட்டிட்டு வந்திருக்கேன். அவங்க அம்மா சொல்லாம வெளிய அனுப்ப முடியாது."

"காரைக்குடி வரைக்கும்தாங்க."

"இந்த வாசப்படி வரைக்கும்னாலும் அப்படித்தான்."

அவர் கோபப்படுவார் என்று சினேகா எதிர்பார்த்தாள். அவர் கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "நான் கூப்பிட்டா அவுக எடுக்க மாட்டாக" என்றார்.

டீச்சர் தன் போனிலிருந்து மீனாளின் அம்மாவைக் கூப்பிட்டார். மீனாளின் கையை விடாமல் கொஞ்சம் திரும்பி நின்று பேசினார். "ஆமாங்க... இல்ல, நல்லா இருக்கா... இல்லைங்க, எங்கயும் போகல. நான் கையைப் பிடிச்சிட்டு நிக்கிறேன்... எனக்கும் தெரியாதுங்க, தெரிஞ்சா இங்க கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன்... நீங்க சொல்லுங்க." பிறகு நீண்ட நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை மீனாளைப் பார்த்தார்.

போனை வைத்துவிட்டு, "வளவுல, என் கண் முன்னாடி. பிள்ளைங்க கொண்டாந்த முறுக்கைத் தின்னு முடிக்கிற வரைக்கும். அவ்வளவுதான் சொன்னாங்க" என்றார்.

முத்துராமன் செருப்பைக் கழற்றிப் பின்வாசல் படியில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். தங்கச்சாமி கதவைச் சாத்திப் பூட்டினார்.

வளவின் ஒரு பக்கத்தில் வகுப்பு உட்கார்ந்து முறுக்குத் தின்றது. எதிர்ப்பக்கத்தில் முத்துராமன், மீனாள், மீனாளின் கையைப் பிடித்தபடி சினேகா. முத்துராமன் டீச்சரைப் பார்த்து, "இந்தப் பிள்ளை வேணும்னா அங்குட்டுப் போயி..." என்றார்.

"அது ஜோடி. போகாது" என்றார் டீச்சர்.

சினேகா தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சாப்பிட்டியா?"

"ம். புளிச்சோறு."

"அம்மா கட்டிக் குடுத்தாகளா?"

"ம்."

"ஸ்கூல் நல்லாருக்கா?"

"ம்."

அவர் எழுந்து தன் அறைக்குப் போனார். உள்ளே எதையெதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். பாதி தின்று வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட பாக்கெட். "வேற ஒண்ணும் இல்லைத்தா, ஒத்தை ஆளு பாரு" என்று இருவருக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தார். சினேகா தின்றாள். பிஸ்கட் நமத்துப் போயிருந்தது. மீனாள் தின்னாமல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மாசியில வீட்டுல முன்னோருக்குப் படைப்பு இருக்கு. எல்லாப் பங்காளியும் வருவாக. நீ வருவல்ல?"

"அம்மாட்டக் கேக்கணும்."

"கேளு. நானும் கேக்குறேன்." பிறகு எதிர்ப்பக்கம் பார்த்தார். "இம்புட்டு மெதுவாவா முறுக்குத் திம்பாக?"

எதிர்ப்பக்கத்தில் எல்லோரும் மெதுவாகத்தான் தின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆதித்தன் ஒரு முறுக்கை விள்ளி விள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். டீச்சரும் பையை மூடு என்று சொல்லவில்லை. ஆனாலும் முறுக்குத் தீர்ந்தது.

வேனில் ஏறியபோது மீனாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். உள்ளே ஏறியதும் கையை உருவிக்கொண்டாள். சினேகாவும் விட்டுவிட்டாள். சினேகாவின் உள்ளங்கையில் நம்பர் கரைந்து நீலமாக இருந்தது. ஒரு இலக்கமும் தெரியவில்லை.

"நான் கத்தியிருந்தா நீ போயிருப்ப" என்றாள் சினேகா.

மீனாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

டிரைவர் என்ஜினைப் போட்டார். டீச்சர் முன்னால் நின்றுகொண்டு பேர் கூப்பிட ஆரம்பித்தார். ஜோடி ஜோடியாகப் பதில் வந்தது. "மீனாள்" என்றதும் சினேகா அவள் கையை எடுத்து, "மீனாள் இருக்கா" என்றாள்.

"சினேகா."

பதில் இல்லை.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். சினேகா அவருக்கு நேரெதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். "சினேகா" என்றார் மறுபடி.

"இந்தா இருக்கா டீச்சர், குத்துக்கல்லு மாதிரி" என்றான் ஆதித்தன்.

"உன்னைக் கேக்கல. அவ ஜோடி சொல்லட்டும்."

மீனாளுக்குக் கோபம் என்றுதான் சினேகா முதலில் நினைத்தாள். பிறகு அவள் பார்க்கிற பக்கம் பார்த்தாள். முத்துராமன் முன் வாசலைத் தாண்டி இறங்கித் தெருவில் நின்றிருந்தார். வேன் புறப்படுவதற்காகக் காத்திருந்தார். எந்த ஜன்னல் என்று தெரிந்துகொண்டு அதையே பார்த்தார். பேர் சொல்லாத வரை வேன் புறப்படாது. வேன் புறப்படாத வரை அவர் அங்கே நிற்பார்.

சினேகா கையை இழுக்கவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார். டீச்சர் அவரிடம் இருக்கட்டும் என்று கையைக் காட்டினார். என்ஜின் மட்டும் ஓடியது.

புரட்டாசி வெயில் தெருவில் சுள்ளென்று விழுந்தது. முத்துராமன் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் வைத்தார். பிறகு அதை இறக்கி இந்தக் காலைத் தூக்கினார். மறுபடி மாற்றினார். அவருடைய செருப்பு பின்வாசலில் கிடந்தது. நிழலுக்குப் போக வேண்டுமென்றால் வாசலுக்குள் ஏறினால் போதும். அவர் ஏறவில்லை.

மீனாள் அவர் கால்களைப் பார்த்தாள்.

"சினேகா இருக்கா" என்றாள்.

டிரைவர் கியரைப் போட்டார்.